ஒரு நாற்காலி குடுங்க

"இருக்குங்க. பத்திரமா இருக்கு. துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார் வாடகைக்கடைக்காரர். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"நாற்காலி."

"எந்த நாற்காலி?"

"உங்கம்மா உட்கார்ந்த நாற்காலி. விருது குடுக்கிற எடத்துல மேடைக்குப் பக்கத்துல வைக்கணுமாம். வர்றவங்க எல்லாரும் பாப்பாங்களாம்."

மகள் சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா ஒரு நாள்கூட நம்ம கடை நாற்காலியை எடுத்துட்டுப் போனதில்லையேப்பா."

"அது எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் இருக்குன்னு சொன்னீங்க?"

"விருது ஆபீஸ்ல இருந்து பேசின பொண்ணு அவ்வளவு மரியாதையா கேட்டுச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவர் மகளிடம் சொல்லவில்லை.

அடிதடி இல்லாமல் ஊரை மாற்றியவர்களுக்கு நாடு தருகிற விருது அது. அறிவிப்பு வந்தபோது அவர் மனைவி இருந்தார். வாங்கப் போவதற்கு இல்லை. செய்தி வந்த அன்று, தலையணையில் சாய்ந்தபடி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க எந்தச் சட்டையில வருவீங்க? அந்தக் கோடு போட்டதை மட்டும் போட்டுடாதீங்க."

ஊருக்கு அவர் நர்ஸம்மா. மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் நடுவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. தண்ணீர்க் குழாய்க்குப் போகிற பாதையை மேல்தெரு இரும்புக் கதவு போட்டு அடைத்தது. கீழ்த்தெரு கதவை உடைத்தது. அப்புறம் மண்டைகள் உடைந்தன. ஒரு கோடையில் இரண்டு தெருவிலும் வீடுகள் எரிந்தன. கட்டில், பீரோ, பெஞ்சு என்று இருந்த சாமானெல்லாம் வீதிக்கு வந்து நொறுங்கின. இரண்டு பக்கமும் ஒரு முழு நாற்காலி மிச்சமில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

"கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு," என்றார் நர்ஸம்மா ஒரு நாள். "இனிமே அடி விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிடலாம்னு பாக்கறேன்."

போனார். வெறுங்கையோடு போனார். எந்த வீட்டில் சத்தம் அதிகமோ அந்த வீட்டு வாசலில் நின்று, "கால் வலிக்குது, ஒரு நாற்காலி குடுங்க," என்றார். காயத்துக்குக் கட்டுப் போட்ட கை. இல்லை என்று சொல்ல முடியுமா? கொடுத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுப்பாதையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். கல் எறிய ஓங்கின கை அப்படியே நின்றது. எறிந்தால் நர்ஸம்மா மேல் படும். தப்பினாலும் தன் வீட்டு நாற்காலி நசுங்கும். மறுநாள் எதிர்த்தெருவில் போய் அதே கால்வலியைச் சொன்னார். அவர் அங்கே பெரிதாக எதுவும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. உட்கார்ந்திருந்தார். மெதுவாக அவர் பக்கத்தில் வேறு சிலர் உட்கார்ந்தார்கள். கடைசியில் கதவைக் கழற்றியதும் அவர்கள்தான். அந்த இரும்பில் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குக் கால் அடித்தார்கள். இன்றைக்கு அந்தக் குழாயில் இரண்டு தெருக் குடங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

பிறகு வேறு ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். அங்கேயும் வெறுங்கைதான்.

இதில் வாடகைக்கடைக்காரருக்கு ஒரு முள் இருந்தது. நாற்காலி, மேசை, பாத்திரம், விளக்கு என்று விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர் அவர். "ஊர்ல பாதிப் பேர் உட்கார்றது என் நாற்காலியில. என் பொண்டாட்டி வீடு வீடா நாற்காலி கேட்டு நிக்கறா. பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்று பொருமுவார். ஒருமுறை மணமக்களுக்கென்று வைத்திருந்த தங்கநிறக் கைப்பிடி நாற்காலியையே துடைத்து வாசலில் வைத்தார்.

"இதைக் கொண்டுபோ. நாலு பேர் மதிப்பாங்க."

"மதிப்பாங்க. பக்கத்துல உட்கார மாட்டாங்க," என்றார் நர்ஸம்மா.

"சரி, அவங்க வீட்ல நாற்காலியே இல்லைன்னா?"

"கேட்டா குடுப்பாங்க. எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கும், பாருங்க."

அதற்குமேல் அவரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. மனைவியின் பெருமை ஊரெல்லாம் பரவியபோது கடைக்காரர் எல்லாரையும்விட அதிகமாகத் தலை நிமிர்ந்து நடந்தார். ஆனால் அந்தப் பெருமையில் தன் கடைப் பொருள் ஒரு ஆணியளவுகூட இல்லையே என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் "இருக்குங்க" என்று வந்த சொல்லின் மீதிப் பாதி அதுதான்.

கடைக்காரருக்கு இன்னொரு உறுத்தல் நாற்காலிக் கணக்கு. ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்புப் பொட்டும் அவர் கையாலேயே வரைவார்.

"மேல வரைஞ்சா அழகா இருக்குமே," என்று நர்ஸம்மா கேட்பார்.

"மேல இருந்தா திருடன் சுரண்டிடுவான். அடியில இருந்தா அவனுக்கே தெரியாது."

திரும்பி வருகிற நாற்காலியை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அப்படியும் அடிக்கடி ஒன்று குறையும். உடனே வேன் ஓட்டுநரைக் கூப்பிடுவார். அவருக்கு ஊர் வைத்த பெயர் ஸ்டெப்னி. எந்த வேலைக்கு ஆள் வராவிட்டாலும் அவரைத்தான் மாட்டுவார்கள்.

"ஏம்பா ஸ்டெப்னி, எங்க வித்த?"

"நான் திருடலைங்க முதலாளி."

"பின்ன, நாற்காலிக்குக் கால் முளைச்சுதா?"

"அது மொதல்லயே நாலு இருக்குதுங்களே."

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா இருவருக்கும் தண்ணீர் கொண்டுவருவார். "விடுங்களேன். எங்க போயிடப்போகுது, யாராவது உட்கார்ந்துக்கிட்டிருப்பாங்க," என்பார். மற்றவர்களிடம் அவ்வளவு பொறுமை காட்டுகிறவர், திருட்டுப் போனதற்கு ஒரு வார்த்தை கோபப்படக்கூடாதா என்று கடைக்காரருக்கு ஆத்திரமாக வரும்.

இப்போது அவர் கிடங்குக்குள் போய் ஒரு பழைய மடக்கு நாற்காலியை இழுத்துவந்தார்.

"இதான்," என்றார்.

"இது போன மாசம் பள்ளிக்கூட விழாவுக்குப் போயிட்டு வந்தது," என்றாள் மகள்.

"பேப்பர் படத்துல அவ உட்கார்ந்திருக்கிறது தெரியுது, நாற்காலியில ஒரு காலு மட்டும்தான் தெரியுது. எல்லா நாற்காலிக்கும் காலு ஒண்ணுதான்."

"அடியில நம்ம அடையாளம் இருக்கே. அடுத்தவங்க வீட்டுதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

நியாயமான கேள்வி. உப்புத்தாளை எடுத்து மஞ்சள் வட்டத்தையும் சிவப்புப் பொட்டையும் அவரே தேய்த்து எடுத்தார். தேய்த்த இடம் பளபளவென்று மின்னியது. அதை மங்கலாக்க உப்புத்தண்ணீர் தெளித்து மொட்டை மாடியில் வைத்தார். துரு பிடித்தது, பிடித்த துரு அத்தோடு நிற்கவில்லை. உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்டெப்னியை உட்காரச் சொன்னார். ஸ்டெப்னி உட்கார்ந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தது.

வெல்டிங் பட்டறையில் காலை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒட்டு புதுசாகத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் சாயம், சாயத்துக்குக் கொஞ்சம் கரி. முடிந்தபோது அது கிணற்றிலிருந்து தூர் வாரி எடுத்தது போல இருந்தது.

"அம்மா இதுல உட்கார்ந்திருந்தா மொதல்ல ஊசி போட்டுக்கிட்டிருப்பாங்க," என்றாள் மகள்.

அதைப் படம் பிடித்து விருது அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த அதிகாரிப் பெண் நெகிழ்ந்துபோய், நாற்காலியை எடுத்துப்போக வாரக் கடைசியில் தானே வருவதாகச் சொல்லி, படத்தைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை எல்லாப் பேப்பரிலும் 'அமைதியின் நாற்காலி'.

கடை திறக்கும் முன்பே மேல்தெரு மீசைக்காரர் வாசலில் நின்றார். ஒரு காலத்தில் இரும்புக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டவர் அவர்தான்.

"இது என்ன நாற்காலி?"

"அது... அதாங்க."

"எதாங்க? அந்தம்மா மொத மொதல்ல வந்து கேட்டது எங்க வீட்ல. உட்கார்ந்தது எங்க வீட்டு நாற்காலியில. வீடு கெடந்த கெடப்புல அது ஒண்ணுதான் எங்ககிட்ட இருந்துச்சு. இது ஏதோ குப்பையில பொறுக்கின மாதிரி இருக்கு."

கடைக்காரருக்குத் தொழில்முறையில் வலித்தது. இருந்தாலும் அடக்கிக்கொண்டார். "கொஞ்சம் கிட்ட வாங்க. அசல் உங்க வீட்டுதுதான். இது சும்மா பாதுகாப்புக்கு. அசல் எதுன்னு தெரிஞ்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்ல?"

"ஓ. டூப்பா?"

"டூப்பு. வெளிய மூச்சு விட்றாதீங்க. அதிகாரி வர்ற அன்னிக்குக் கமுக்கமா கொண்டுவாங்க."

மீசைக்காரர் அந்த ரகசியத்தை மிகவும் மரியாதையாக, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் சொன்னார்.

மாலையில் கீழ்த்தெருவிலிருந்து கணீரக்கா வந்தார். அவர் சாதாரணமாகப் பேசினால் பேருந்து நிலையத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"என்ன அண்ணே, மீசைவீட்டு நாற்காலிதான் அசலாமே? கதவைப் பூட்டினவன் வீட்டு நாற்காலிக்கு விருதா? கதவு தொறக்கிற அன்னிக்கு அம்மா உட்கார்ந்தது எங்க நாற்காலியில. எல்லாம் எரிஞ்சப்புறம் எங்க வீட்டுக்குள்ள வந்த மொத சாமான் அது. தெரியுமா உங்களுக்கு?"

"மெதுவாக்கா, மெதுவா."

"நான் மெதுவாத்தானே பேசறேன்."

"அசல் உங்களுதுதான். மீசைக்காரர் சண்டைக்கு வருவாரேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அதன்பின் வந்தவர்களுக்கும் அதே பதில்தான். ஒரு கட்டத்தில் யாரிடம் சொன்னோம் என்பதே குழம்பி, சோப்பு விற்க வந்தவரிடமும் "அசல் உங்களுதுதான்" என்றார். அவர் யோசித்துவிட்டு, "எங்கது எல்லாமே அசல்தான் சார்," என்று இரண்டு கட்டி வைத்துவிட்டுப் போனார்.

அதிகாரிப் பெண் நேரிலேயே வந்து சேர்ந்தாள். கோடு போட்ட சட்டையைத் தவிர்த்து வெள்ளைச் சட்டை போட்டு, துருநாற்காலியைத் துணியால் மூடி, வாசலில் காத்திருந்தார் கடைக்காரர். அவள் காரிலிருந்து இறங்கியபோது தெருவின் ஒரு முனையிலிருந்து மேல்தெரு வந்தது. மறுமுனையிலிருந்து கீழ்த்தெரு வந்தது. எல்லார் தலைக்கு மேலும் ஒரு நாற்காலி.

ஒன்று நீலம், ஒன்று காப்பி நிறம், ஒன்றுக்குப் பூப்போட்ட துணியில் மெத்தை. கணீரக்காவின் நாற்காலிக்குப் பச்சைச் சாயம் பூசி, முதுகுக்குப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தது.

"இதெல்லாம் என்ன சார்?" என்றாள் அதிகாரி.

"அதெல்லாம் வெறும் தகரம்மா. கண்டுக்காதீங்க," என்றார் கடைக்காரர் அவசரமாக. "இந்த மாதிரி மட்டமான சரக்கை நான் கடை வாசப்படிக்குள்ளயே விடமாட்டேன்."

"யாருதுய்யா மட்டம்?" என்றார் மீசைக்காரர். "அசல்னு சொன்னது நீதானே?"

"அவருக்கும் அசல்னு சொன்னீங்களா?" என்றார் கணீரக்கா.

கூட்டத்தில் ஒவ்வொருவராக, "எனக்கும் சொன்னாரு," "எனக்கும்," என்றார்கள். முதலில் கோபம் கடைக்காரர் மேல்தான் இருந்தது. ஆனால் அவர் ஒருவர். பங்கு போட்டுத் திட்டுவதற்குப் போதவில்லை. கோபம் எதிர்த்தெருப் பக்கம் திரும்பியது.

"எங்க நாற்காலிக்கு அப்புறம்தான் உங்களுது."

"கதவு போட்ட கூட்டம்தானே நீங்க."

"கதவை உடைச்ச கூட்டம் யாரு?"

பல வருஷமாக யார் வாயிலும் வராத வார்த்தைகள் அவை. ஒரு நாற்காலிக் கால் இன்னொருவர் சட்டையில் மாட்டிக் கிழித்தது. தலைக்கு மேலிருந்த நாற்காலிகள் இப்போது வேறு விதமாகப் பிடிக்கப்பட்டன.

அதிகாரியின் முகம் வெளுத்தது. "சார், சமாதானம் வந்த தெருன்னு அச்சடிச்சாச்சு. இங்க அடிதடின்னா நான் மேல என்ன சொல்வேன்? அம்மா செஞ்சது எதுவும் நிலைக்கலைன்னு எழுதிடுவாங்க."

அந்தச் சொல் கடைக்காரரின் நெஞ்சில் போய் நின்றது. மனைவி ஆயுசு முழுக்க உட்கார்ந்து கட்டியதை, தான் ஒரு வாரத்தில் ஒரு பொய்யால் இடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்கு நர்ஸம்மாவைப் போலப் பேசாமலிருக்கத் தெரியாது. பேசவும் இப்போது வழியில்லை. காலையிலிருந்து வாசலில் நின்ற கால்கள் கடுத்தன. நேராக மீசைக்காரரிடம் போனார். அங்கேதான் சத்தம் அதிகமாக இருந்தது.

"கால் வலிக்குது," என்றார். "ஒரு நாற்காலி குடுங்க."

அந்த வாரம் முழுவதும் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மீசைக்காரர் ஓங்கிய நாற்காலியோடு அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இறக்கி, தோளில் கிடந்த துண்டால் ஒரு தட்டுத் தட்டி நீட்டினார். கடைக்காரர் அதை நடுத்தெருவில் விரித்து உட்கார்ந்தார்.

தெரு அடங்கியது.

"நான் சொன்னதெல்லாம் பொய்," என்றார் அவர். "அவ உட்கார்ந்த நாற்காலி எதுவும் எங்கிட்ட இல்ல. எங்க கடையிலிருந்து ஒண்ணையும் அவ எடுத்துட்டுப் போனதில்ல. அவ உட்கார்ந்ததெல்லாம் உங்க வீட்டு நாற்காலியிலதான். உங்க எல்லாருதும் அசல். எனக்கும் ஒண்ணு இருக்கக்கூடாதான்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

கணீரக்கா தன் பச்சை நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார்.

"அதுக்கென்ன அண்ணே," என்றார். அது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

மீசைக்காரர் உட்கார நாற்காலியில்லாமல் நிற்பதைப் பார்த்துக் கீழ்த்தெரு ஆள் ஒருவர் தன்னுடையதைத் தள்ளினார். ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. அதிகாரிப் பெண்ணுக்கும் ஒன்று வந்தது. அவள் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் ஏத்துங்க. மேடைக்குப் பக்கத்துல எதுக்கு, மேடையிலயே போடலாம்," என்றாள்.

"அந்தத் துணி போட்டு மூடினது?" என்றாள் மகள்.

"அது மட்டும் வேண்டாம்," என்றார் கடைக்காரர்.

"அதுவும் வரட்டும்," என்றார் மீசைக்காரர். "பாவம், அதுவும் அடி வாங்கியிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்டெப்னி வேனைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்காலிகளை மடக்கி, வழக்கம்போல அடிப்பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கினார். பக்கத்தில் நின்ற கடைக்காரரின் கண்கள், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், தாமாகவே அடிப்பக்கத்துக்குப் போயின.

மீசைக்காரரின் நீல நாற்காலி. மேலே நீலம். அடியில் யாரும் சாயம் பூசவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கே ஒரு மஞ்சள் வட்டம். நடுவில் சிவப்புப் பொட்டு.

அவர் அடுத்ததைப் பார்த்தார். பச்சை நாற்காலி. மஞ்சள் வட்டம், சிவப்புப் பொட்டு. காப்பி நிறம். பூப்போட்ட மெத்தை. ஒன்றன்மேல் ஒன்றாக, வேன் கூரைவரை, அவர் கையால் வரைந்த வட்டங்கள். கொஞ்சம் கோணலானவை, தூரிகை சிந்தினவை, எல்லாம் அவருடையவை. அந்தக் குவியலிலேயே அவர் அடையாளம் இல்லாத நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது அவர் கடை நாற்காலி, அவரே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது.

பிறகு மெதுவாகத் திரும்பி ஸ்டெப்னியைப் பார்த்தார்.

ஸ்டெப்னி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் திருடலைன்னுதானே சொன்னேன் முதலாளி, அம்மா குடுத்தனுப்பினதை எடுத்துட்டுப் போகலைன்னு ஒரு நாளாவது சொன்னேனா?"